அவனுக்குப் பதினெட்டுப் படி, எனக்குப் பதினெட்டுத் தவணை

கம்பம் பள்ளத்தாக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் 54 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சினேகிதர் ஒருவர். இவர் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, அவர் இந்து. இருந்தும் எங்கள் பக்கத்து வழக்கப்படி மாமா, மாப்ளே என்றுதான் பேச்சு. பத்தாம் வகுப்பு படிக்கும்போது சினேகிதர் கன்னிச்சாமியாக மாலை போட்டார். இவர் எருமேலி வரை கூடவே போனார். வாவர் பள்ளிவாசலைச் சுற்றி வந்த சினேகிதர், "எங்க சாமிக்கே உங்க ஆள்தான்டா கூட்டாளி" என்று இவர் தோளில் கைபோட்டதை நாற்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவான இந்தக் காலத்தில் மறக்க முடியவில்லை என்கிறார்.

2019 நடுவில் ஏலக்காய் விலை ஏறிக்கொண்டிருந்தபோது சினேகிதர் வண்டன்மேடு பக்கம் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். அந்த ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போனது பலருக்கு நினைவிருக்கும். ஜூன் 12 அன்று நம் வாசகர் தன் மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை விற்று 1,20,000 ரூபாயைக் கைமாற்றாகக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போட்ட ஒரு வெற்றுச் செக்கைத் தவிர எழுத்து எதுவும் இல்லை. உள்ளூர் பைனான்சில் சினேகிதர் வாங்கிய 4 லட்சத்துக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டார். பிறகு விலை சரிந்தது, கொரோனா வந்தது. தவணை நின்றது. சினேகிதர் போன் நம்பரை மாற்றிக்கொண்டு கேரளத்துக் குமுளிக்குப் போய்விட்டார். பைனான்ஸ்காரர்கள் ஜாமீன்காரரைப் பிடித்தார்கள். 2022 மார்ச் முதல் 2023 ஆகஸ்ட் வரை, மாதா மாதம் 10ஆம் தேதி, 20,000 வீதம் 18 தவணை, மொத்தம் 3,60,000 ரூபாய் இவர் கட்டி முடித்தார்.

இந்தக் கார்த்திகையில் சினேகிதர் மாலை போட்டு, கறுப்பு வேட்டியோடு, செருப்பில்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். "மாமா, மலைக்குப் போறேன். மனசுல எதையும் வெச்சுக்காத." சாமியாக வந்தவரைத் திருப்பி அனுப்ப இவருக்கு மனம் வரவில்லை. "மனசுல ஒண்ணுமில்ல சாமி, நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சங்கிலி யாரோடது?"

வாசகருடைய கேள்விகள்: மன்னித்துவிட்டால் பணத்தைக் கேட்கக் கூடாதா? மூன்று வருஷம் தாண்டினால் கடன் செல்லாது என்று சினேகிதரே யாரிடமோ சொன்னாராமே, உண்மையா? அவர் கேரளத்தில் இருப்பதால் அங்கேதான் வழக்குப் போட வேண்டுமா? வாயால் மன்னித்தும் நெஞ்சு ஆறவில்லையே, ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், குறையா?

பாய்,

அப்படியே கூப்பிடுகிறேன், நம் பக்கத்தில் அது மரியாதைச் சொல்தானே. கடைசிக் கேள்வியைப் பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டிருக்க வேண்டும், வக்கீலிடம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் நீங்கள் அதிகம் அடித்துத் திருத்தியிருப்பது அந்த இடத்தில்தான். அதனால் அதையும் தொடாமல் விட முடியவில்லை.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷக் கணக்கு

உங்கள் சினேகிதர் சொன்னது பாதி சரி. ஆனால் உங்களிடம் இருப்பது ஒரு கடன் அல்ல, இரண்டு. இரண்டுக்கும் கெடு வேறு வேறு.

ஜாமீன் கடனை எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு உங்களைப் பிடித்தது அநியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். மனதுக்கு அநியாயம்தான், சட்டத்துக்கு அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128, வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, யாரை முதலில் கேட்பது என்பது கொடுத்தவர் இஷ்டம். ஆனால் நீங்கள் கட்டி முடித்ததும் பிரிவு 140 உங்கள் பக்கம் வந்து நிற்கிறது. பைனான்ஸ்காரருக்கு உங்கள் சினேகிதர் மேல் என்னென்ன உரிமை இருந்ததோ அதெல்லாம் இப்போது உங்களுக்கு. அவர்களிடம் போய்க் கணக்கு முடிந்த ரசீதும் 18 தவணைக்கான பதிவும் வாங்குங்கள். சினேகிதர் அங்கே ஏதாவது ஆவணம் ஈடாகக் கொடுத்திருந்தால் அதையும் கேளுங்கள்.

அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட, நீங்கள் கட்டிய நாளிலிருந்து 3 வருஷம். தவணையாகக் கட்டியதால் ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் தேதியிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. நான் இதை எழுதுவது டிசம்பர் 2025, முதல் வாரம். 2022 மார்ச் முதல் நவம்பர் வரையிலான ஒன்பது தவணை, அதாவது 1,80,000 ரூபாய், ஏற்கெனவே கெடு தாண்டியவை. மீதி ஒன்பது உயிரோடு இருக்கின்றன. ஆனால் இந்த 10ஆம் தேதி போனால் எட்டு, ஜனவரி 10 போனால் ஏழு. நீங்கள் மன்னிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு மாதமும் 20,000 ரூபாய் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் விட்டால் கெடு நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. வழக்குத் தாக்கலாக வேண்டும், அல்லது அவர் கைப்பட எழுதித் தர வேண்டும்.

கைமாற்றாகக் கொடுத்த 1,20,000 வேறு கதை. 2019 ஜூனிலிருந்து 3 வருஷம் என்றால் 2022லேயே முடிந்திருக்க வேண்டும். கொரோனாவை முன்னிட்டு 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் உங்கள் கெடு 2024 மே கடைசி வரை நீண்டது. அதுவும் போய்விட்டது. ஆனால் ஐந்தாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 2023 ரம்ஜான் அன்று புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது, "மாமா, வாழ்த்துகள். உன் ஒண்ணு இருபதை மறக்கல. கொஞ்சம் நிமிர்ந்ததும் தர்றேன்." கோபத்தில் பதில் போடவில்லை என்கிறீர்கள்.

பாய், நீங்கள் பதில் போடாத அந்தச் செய்திதான் கடனை ஒப்புக்கொண்டு இன்றைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து. கெடு முடிவதற்குள் கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருஷம் தொடங்கும் என்பது காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 18. வாட்ஸ்அப் செய்தி அந்தக் கையெழுத்துக்கு ஈடாகுமா என்பதில் எதிர்த்தரப்பு சண்டை போடும். நான் வாதாடுவேன், ஆனால் ஜெயிப்பேன் என்று உறுதி தர மாட்டேன். ஏற்றுக்கொள்ளப்பட்டால் 2026 ஏப்ரல் 22 வரை உங்களுக்கு நேரம் உண்டு.

நீங்கள் வாசலில் சொன்ன வார்த்தை

"மனசுல ஒண்ணுமில்ல சாமி" என்றீர்களே, அதனால் கடன் போய்விடவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வீட்டு வார்த்தை ஒன்று இருக்கிறது, அதில் கவனமாக இருங்கள். வர வேண்டிய பணத்தை முழுதாகவோ பாதியாகவோ தள்ளுபடி செய்யப் பணம் கொடுத்தவருக்கு உரிமை உண்டு, அதற்குப் பதிலாக எதுவும் பெற்றிருக்க வேண்டியதில்லை என்கிறது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 63. நெகிழ்ச்சியில் "பணம் கெடக்கு, விடு மாப்ளே, கணக்கு முடிஞ்சது" என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் அதுவே அவர் கையில் சீட்டாகிவிடும். மலையிலிருந்து திரும்பி அரவணை டப்பாவோடு வருவார். அந்த நேரம் நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இருபது வருஷத் தொழிலில் நான் பார்த்த வரை மன்னிப்பும் தள்ளுபடியும் சேர்ந்தே வந்தது குறைவு. கடன் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த ஆள் இறந்தபோது கேதத்துக்குக்கூடப் போகாதவர்களைத் தெரியும். வழக்குப் போட்டு ஒவ்வொரு ரூபாயும் வசூலித்துவிட்டு, அதே கோர்ட் வாசல் டீக்கடையில் எதிரிக்கும் சேர்த்து டீ சொன்ன ஒரு பெரியவரையும் தெரியும். பணத்தைக் கேட்பதால் நீங்கள் மன்னிக்காதவர் ஆகிவிட மாட்டீர்கள்.

ஹஜரத், கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடு, விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேல் என்ற வசனத்தை எடுத்துச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குர்ஆன் 2:280. நான் மார்க்கம் பேச வரவில்லை, ஆனால் கடன் வழக்கு நடத்துகிற எவருக்கும் இரண்டு வசனம் தள்ளி இருப்பதும் பழக்கமானது. 2:282, குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். கடன் கொடுத்தால் தவணை குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், தொகை சிறிதென்றாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்று போகிறது. "சினேகிதனிடம் எழுத்துக் கேட்பது அசிங்கம் என்று விட்டுவிட்டேன்" என்கிறீர்கள். உங்கள் வேதம் அதை அசிங்கமாக நினைக்கவில்லை. வக்கீல்கள் எங்களுக்கு அந்த வசனம் மேல் தனிப் பிரியம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கஷ்டத்தில் இருப்பவரா என்பதும் ஒரு கேள்வி. நீங்களே எழுதியிருப்பது: குமுளியில் தேக்கடி ரோட்டுப் பக்கம் சிப்ஸ், ஏலக்காய், மிளகு விற்கிற கடை, சபரிமலை சீசனில் நல்ல ஓட்டம். ஐந்து லட்சத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க அவரால் முடியாது. மாதம் பத்தாயிரம் முடியாது என்று சொல்ல முடியாது.

நெஞ்சு ஆறாதது

தோட்டம் நஷ்டமானதற்காக நீங்கள் அவர் மேல் கோபப்படவில்லை. ஏழு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட ஏலக்காயைத் திட்டவில்லை. நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது வேறு: 10ஆம் தேதி காலையில் கடையை மகனிடம் விட்டுவிட்டு அந்தப் பைனான்ஸ் ஆபீஸ் மாடிப்படி ஏறியது, அங்கே இருந்த பையன் "இந்த மாசமாவது முழுசா இருக்கா?" என்று கேட்டது, பதினெட்டு மாதம் அந்தப் படியில் தனியாக ஏறியது. "அவனுக்குப் பதினெட்டுப் படி, எனக்குப் பதினெட்டுத் தவணை" என்று கசப்பாக ஒரு வரி. அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், அப்புறம் சிரித்ததற்கு வருத்தப்பட்டேன்.

அந்தப் பதினெட்டு மாதத்தைப் பற்றி அவர் வாசலில் ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா? "எதையும் வெச்சுக்காத" என்றார். எதை என்று சொல்லவில்லை. "நம்பரை மாத்தினேன், உன்னை மாட்டிவிட்டுட்டு ஓடினேன்" என்று அவர் வாயால் வரவில்லை. பெயர் சொல்லாத தப்பை மன்னிக்கச் சொன்னால் மனம் எதைப் பிடித்து எதை விடும்? அதனால்தான் வார்த்தை வந்தும் ஆறுதல் வரவில்லை. ஈமானில் குறை என்று நான் இதைப் படிக்கவில்லை.

அதற்காக அவர் வேஷம் போட்டு வந்தார் என்றும் நினைக்கவில்லை. உங்கள் மைத்துனர் அப்படிச் சொல்கிறாராம். மாலை போட்டவர் விரதத்துக்காக வந்திருக்கலாம், உங்கள் மேல் உள்ள பிரியத்தால் வந்திருக்கலாம், கணக்கும் சேர்ந்து முடிந்தால் நல்லது என்ற நப்பாசையும் ஓரத்தில் இருந்திருக்கலாம். மனிதர் ஒரே காரணத்துக்காகவா வாசல் ஏறுகிறார்? கடன்பட்டவர் கொடுத்தவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போவது திமிரால் அல்ல, பெரும்பாலும் வெட்கத்தால். ஐந்து வருஷம் எதிர்ச்சாரியில் நடந்தவர் செருப்பில்லாமல் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். அதை முழுசாகத் தள்ளிவிட வேண்டாம்.

மைத்துனர் சொல்லும் இன்னொன்றை மட்டும் உடனே தள்ளுங்கள். நாலு பேரோடு குமுளிக்குப் போய்க் கடையில் உட்கார்ந்தால் அந்த ஊர் ஸ்டேஷனில் உங்கள் மேல்தான் கேஸ் வரும்.

அந்த வெற்றுச் செக்

2019ல் அவர் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்த செக்கில் இன்றைய தேதி போட்டு வங்கியில் போடலாமா என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மனமறிந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை நிரப்புவது தானாகவே குற்றமல்ல. ஆனால் அது திரும்பி வந்தால் நீங்கள் இறங்குவது குற்ற வழக்கில். மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138, இரண்டு வருஷம் வரை சிறை. அந்த வழக்கு நிற்கச் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருக்க வேண்டும், உங்கள் தொகையில் ஒரு பாதி கெடு தாண்டியது. வழக்கும் இழுக்கும், ஆளும் போய்விடுவார்.

எழுதி வாங்குவது

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. மலைக்குப் போய் மாலை கழற்றியதும், வாசலில் அல்ல, உட்கார வைத்துப் பேசுவேன். 1,20,000, 3,60,000 என்று தனித்தனியாகக் குறித்து, இன்ன தேதியில் இன்ன வகையில் வந்த கடன், மாதம் இவ்வளவு வீதம் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சி இரண்டு. "கடன் இருந்தது உண்மை" என்று மட்டும் எழுதினால் கெடு தாண்டிய பங்குக்குப் போதாது. "தருகிறேன்" என்ற வாக்குறுதி வேண்டும். அப்படி எழுதிக் கையெழுத்திட்டால் கெடு செத்த கடனும் செல்லும் என்பது ஒப்பந்தச் சட்டம் 25(3). உதிர்ந்துபோன ஒன்பது தவணைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் இருவரும் உத்தமபாளையம் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத்தில் சமரசம் பதியலாம். கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே போடும் உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அவர் ஒத்துவராவிட்டால் வழக்கு. பணம் கைமாறியதும் ஜாமீன் பணத்தை நீங்கள் கட்டியதும் இங்கே என்பதால் உங்கள் பக்கத்துக் கோர்ட்டிலேயே போடலாம், குமுளிக்கான கோர்ட் இருக்கும் பீர்மேட்டுக்கு அலைய வேண்டாம். தீர்ப்பை நிறைவேற்றும்போது அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

அந்தத் தாளில் அவர் எழுதும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாசலில் சொல்லாமல் விட்டதைத் தேதி போட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். சினேகிதம் திரும்புமா என்று தெரியாது. மறுபடியும் ஜாமீன் கையெழுத்துப் போடும் அளவுக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை.

சங்கிலி

கடைசியாக வைத்தேனே தவிர உங்கள் மனைவியின் கேள்விதான் இந்தக் கடிதத்திலேயே கூர்மையானது. அந்த நகை அவருடையது. சட்டத்திலும் அவருடையது, உங்கள் மார்க்கத்திலும் அவருடையது. கொடுக்கும்போது அவரைக் கேட்டீர்களா என்று தேடினேன். "அவளும் ஒண்ணும் சொல்லல" என்று இருக்கிறது. ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். ஆறு வருஷம் கழித்து வாசலில் நின்று மன்னித்ததும் அதே கணக்கில்தான். உங்கள் பங்கை நீங்கள் மன்னிக்கலாம். அவர் பங்கை அவர்தான்.

அவர் ரூபாயில் எண்ணவில்லை, பவுனில் எண்ணுகிறார். அன்று பவுன் 25 ஆயிரத்தையொட்டி இருந்தது, இன்று மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. கோர்ட்டில் 1,20,000க்கும் வட்டிக்கும் மேல் கிடைக்காது, பவுன் கிடைக்காது. ஆனால் சமரசத் தாளில் என்ன எழுதுவது என்பது உங்கள் மூவர் விருப்பம். சினேகிதர் சம்மதித்தால் பணத்துக்குப் பதில் பவுனாகவே, வருஷத்துக்கு ஒன்றாகக்கூட எழுதலாம். உட்கார வைத்துப் பேசும் நாளில் உங்கள் மனைவி அடுக்களையில் இருக்கக் கூடாது, உங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவரிடமும் சினேகிதர் நேராகக் கேட்க வேண்டியிருக்கும். நீங்களும் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இல்லையா?

இன்று கடை அடைத்துவிட்டுப் போனதும் அவரிடம் பேசுங்கள். பதில் உடனே வராவிட்டால் காத்திருங்கள், நாளைக் காலையில் பைனான்ஸ் ஆபீஸுக்குப் போய் ரசீதுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த ரம்ஜான் செய்தி இருக்கும் பழைய போன். மகள் வீட்டில் பேரன் கேம் விளையாட வைத்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இடம் போதவில்லை என்று வாட்ஸ்அப்பை அழித்துவிடப் போகிறான். போனையே வாங்கி வந்து, சார்ஜ் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.